மடியில் முடிந்த வேர்

பெரியவர்களே, பிள்ளைகளே, எண்ணிக்கொண்டே கேளுங்கள். எண்ணிக்கை பிசகினால் கதையும் பிசகும்.

வெகு காலத்துக்கு முன் ஓர் அரசன் இருந்தான். அவன் நாட்டில் மேலூர், கீழூர் என்று இரண்டு ஊர். நடுவில் ஒரே ஏரி. இரண்டு ஊருக்கும் ஏழு வருடம் சண்டை. ஏழாம் வருடம் யாரோ ஏரியில் நஞ்சைக் கலந்தார்கள். மேலூரில் ஒன்பது பேர், கீழூரில் எட்டுப் பேர் செத்தார்கள். பிறகு சண்டை நின்றது. மழை பெய்து நஞ்சும் போனது. ஆனால் ஏரி நீரில் ஒருவரும் வாய் வைக்கவில்லை.

அரசன் ஊருக்கு மூன்று பேராக ஆறு இளையவர்களைப் பொறுக்கி, ஒருவரையொருவர் நம்ப மூன்று வருடம் பழக்கினான். முதல் வருடம் ஓர் ஊரார் சமைத்ததை மற்ற ஊரார் உண்டார்கள். இரண்டாம் வருடம் கண்ணைக் கட்டிக்கொண்டு, மற்றவர் கைபிடித்து மலை ஏறினார்கள். மூன்றாம் வருடம் ஒருவர் மொண்ட ஏரி நீரை மற்றவர் குடித்தார்கள். மேலூர் மூவருக்கு எயினி என்ற பெண்ணும், கீழூர் மூவருக்குப் பூதன் என்ற இளைஞனும் தலைமை.

அந்த வருடம் மழை இல்லை. கிணறுகள் வற்றின. ஏரியில் மட்டும் நீர் கிடந்தது. ஊர் பார்க்க ஒருமுறை குடித்துக் காட்டினால் எல்லோரும் குடிப்பார்கள் என்று எண்ணி, ஆறு பேரும் இரண்டு ஊரையும் கரைக்கு அழைத்தார்கள்.

எயினி பானையில் மொண்டு நீட்டினாள். "எல்லாவற்றையும் நீயே குடித்துவிடாதே, ஊருக்கும் கொஞ்சம் வை."

பூதன் சிரித்துக்கொண்டே மூன்று மடக்குக் குடித்தான். குனிந்து பானையை வைத்தபோது, அவன் மடியிலிருந்து ஒரு முடிச்சு விழுந்து அவிழ்ந்தது. உள்ளே ஒரு வேர். மென்றால் நஞ்சை முறிக்கும் வேர்.

நஞ்சு கலந்தவன்தான் வேரோடு வருவான் என்று மேலூர் சொன்னது. உங்களை நம்பி வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று கீழூர் கேட்டது.

எயினி மெதுவாகக் கேட்டாள். "மென்றாயா?"

"இல்லை."

"பிறகு எதற்கு?"

"அம்மாதான் என் மடியில் முடிந்து அனுப்பினாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எயினி."

அவள் அவனை நம்பினாள். மிச்ச நீரை எடுத்துக் குடித்தாள். ஊர் அவளைப் பார்க்கவில்லை, வேரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு பேரும் மேலும் மூன்று நாள் கரையில் நின்று குடித்துக் காட்டினார்கள். முதல் நாள் இருபது பேர் பார்க்க வந்தார்கள். இரண்டாம் நாள் ஐந்து பேர். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை.

அந்தக் கோடையில் தாகத்தால் மேலூரில் இருபத்திரண்டு பேர், கீழூரில் இருபத்து மூன்று பேர் செத்தார்கள். கடைசியாகச் செத்தவள் பூதனின் அம்மா. மகன் கொண்டுபோன ஏரி நீருக்கு அவள் வாய் திறக்கவே இல்லை.

ஆகவே, ஒருவரை நம்பப் போகிறவர், நம்பாமைக்கென்று மடியில் முடிந்ததை வீட்டிலேயே அவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும்.