மூக்கு அரித்த இடம்

கோயமுத்தூரில் கிரைண்டர் செய்கிற கம்பெனி ஒன்று. டிரம்மின் அடியில் வட்டமாகப் பசை வைப்பது வெள்ளியங்கிரியின் வேலை. பசை ஓரிடம் விட்டால் போதும், மாவு மோட்டாருக்குள் இறங்கிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஓரிடம் விட்டதில்லை. அந்தக் கர்வம் மீசையிலேயே தெரியும்.

அவர் மேஜைக்கு ஒரு ரோபோ வந்து சேர்ந்தது. ஒற்றைக் கை. தலை கிடையாது, அதனால் தலைக்கனமும் கிடையாது. அந்தக் கையைப் பிடித்து ஒருதரம் வேலையைக் காட்டினால் அப்படியே திருப்பிச் செய்யும். எப்படிக் காட்டுவது என்று சொல்லித்தர வந்தவள் ஜெசிந்தா. அவருடைய மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

“இதுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா, நாளைக்கு எனக்கு என்ன வேலைங்க, டீச்சர்?”

“முதல்ல கையைப் புடிங்கண்ணா.”

பிடித்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைப் பிடிப்பதுபோல. பாதி வட்டத்தில் மூக்கு அரித்தது. நிறுத்தினார், சொறிந்தார், மிச்சத்தை முடித்தார்.

ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள். ரோபோ அழகாகப் பசை வைத்துக்கொண்டே போய், பாதி வட்டத்தில் நின்றது. பசை அங்கே போண்டா மாதிரி குவிந்தது. பிறகு கை நகர்ந்தது.

இரண்டாவது டிரம். அதே இடம். அதே போண்டா.

“அட, உனக்கு ஏதுடா மூக்கு!”

பக்கத்து மேஜைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்தார்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கழித்துப்போட்ட குவியலிலிருந்து, அடி நெளிந்த டிரம் ஒன்றை எடுத்துவந்து ரோபோவின் முன்னால் வைத்தாள். ரோபோ அதே பக்தியோடு ஆரம்பித்தது.

வெள்ளியங்கிரியின் கை பாய்ந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

“நெளிஞ்ச டிரம்முக்குப் போய்ப் பசை வெக்கறான் பாருங்க!”

“நீங்க ஏன் நிறுத்துனீங்க?”

“நிறுத்தாம? ஏதோ ஒரு வீட்ல மாவு மோட்டாருக்குள்ள போயிருமுங்க. அந்த வீட்டுப் புள்ள காலங்காத்தால யாரைத் திட்டும்?”

“இதை அதுக்குச் சொல்லிக் குடுத்தீங்களா?”

வெள்ளியங்கிரி டிரம்மைப் பார்த்தார். ரோபோவைப் பார்த்தார்.

“இதை எப்படிங்க கையைப் புடிச்சுக் காட்டறது?”

ஜெசிந்தா நெளிந்த டிரம்மைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

“நாளைக்கு என்ன வேலைன்னு கேட்டீங்க. இன்னைக்கே வந்துருச்சு, புடிங்க. அப்புறம் அதுக்கு மறுபடியும் சொல்லிக் குடுங்கண்ணா. மூக்கைச் சொறியாம.”