பத்துக் காசிலும் ஒரு கீறல்

"நாற்பது நாளாச்சு. கள்ளக்காசை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு இன்னும் ஒரு வார்த்தை சொல்லல நீங்க," என்றார் ஆவுடையப்பன்.

சந்தையில் பழைய வெள்ளிக் காசுகளைப் பார்த்து நல்லது, கள்ளம் என்று சொல்கிறவள் சங்கரவடிவு. அவளிடம் அந்த வித்தை கற்க வந்த ஆவுடையப்பனைவிடப் பதினைந்து வயது சின்னவள். தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடம் போகிறார் பார் என்று எதிர்க்கடைக்காரர்கள் தினமும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது வேறு.

மகள் கோமுவைக் கைக்குழந்தையோடு அவள் புருஷன் வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்தில் அவர் கொடுத்த பத்து வெள்ளிக் காசும் கள்ளக்காசாம். ஒரு சிவப்புச் சுருக்குப்பையை அவர் வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். அதற்குள் பத்துக் காசு இருந்தது.

அவர் கொடுத்தது அவருடைய அம்மா காசு. மஞ்சள் துணியில் அம்மா போட்ட முடிச்சோடு அப்படியே சம்பந்தி கையில் கொடுத்தார்.

பஞ்சாயத்தில் சம்பந்தி பக்கம் மூன்று சாட்சி. மூன்று பேரும் ஒன்றுபோலச் சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றார் நாட்டாமை. ஆவுடையப்பனுக்குக் கோபத்தில் வாய் குழறியது. கத்தத்தான் முடிந்தது. உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நாற்பது நாள் தவணை. அதற்குள் நல்ல காசு வராவிட்டால் கோமுவுக்கு அந்த வீடு இல்லை. தவணை இன்றோடு முடிகிறது.

சங்கரவடிவு சிவப்புப் பையை வாங்கி, பத்துக் காசையும் பலகையில் கொட்டினாள்.

"வித்தியாசம் சொல்லுங்க அண்ணாச்சி."

எல்லாவற்றிலும் ஓடுகிற குதிரை.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"இன்னும் பாருங்க."

வெடுக்கென்று ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தார். பிறகு இன்னொன்றை.

"குதிரைக் காதுக்குக் கீழ ஒரு கீறல். இதுலயும் இருக்கு. இதுலயும்."

பத்திலும் இருந்தது.

"உங்க அம்மா காசு எப்படி இருக்கும்?"

"அது பல கை பட்ட காசு. ஒண்ணு ஓரம் தேய்ஞ்சிருக்கும். ஒண்ணுல ஓட்டை போட்டு என் அரைஞாணில கட்டியிருந்தாங்க."

"பத்துப் பேரு பத்து ஊர்ல விழுந்தா, எல்லாருக்கும் ஒரே இடத்துலயா காயம் படும்?"

கீறல் விழுந்த ஒரு காசை வைத்து அச்சு எடுத்திருக்கிறார்கள். அவருக்கு அது புரிந்தது. புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"இது கள்ளக்காசுன்னு ஊருக்கே தெரியும். நான் குடுத்தது இது இல்லன்னு எப்படிக் காட்டுறது? அந்த மூணு பேர் வாயை எப்படி அடைக்கிறது?"

பலகையில் ஓங்கி அறைந்தார். காசுகள் துள்ளி விழுந்தன.

சங்கரவடிவு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள்.

"அந்த மூணு பேரும் சொன்னதைச் சொல்லுங்க. தனித்தனியா. அவங்க வார்த்தையிலயே."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சம்பந்தியின் தம்பி சொன்னது: "பந்தியில உட்காரப்போற நேரம். சிவப்புச் சுருக்குப்பையைச் சிரிச்சுக்கிட்டே நீட்டினாரு."

சமையல்காரர் சொன்னது: "பந்தியில உட்காரப்போற நேரம். சிவப்புச் சுருக்குப்பையைச் சிரிச்சுக்கிட்டே நீட்டினாரு."

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது: "பந்தியில உட்காரப்போற நேரம். சிவப்புச்..."

ஆவுடையப்பன் பாதியில் நிறுத்தினார்.

சங்கரவடிவு காலிப் பையை அவர் முன்னால் தள்ளினாள்.

அவர் அதன்மேல் விரலை வைத்தார். குதிரைக் காதின் கீழே வைத்தது போலவே வைத்தார்.

"இதுலயும் இருக்கு. மூணு பேர் சொல்லுலயும் ஒரே கீறல்," என்றார். நாற்பது நாளில் முதல் தடவையாக அவர் குரல் உயரவில்லை.

"நான் குடுத்தது மஞ்சத் துணி முடிச்சு."