ஒன்பதாம் மாதத்துப் புத்தகம்

பூங்கோதை டீச்சருக்கு ஒன்பதாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து நின்ற கரு. எதிலும் தப்பு நடந்துவிடக் கூடாது என்று அவள் வாங்கிச் சேர்த்த புத்தகங்கள் ஒரு துணிப்பை நிறைய இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் பையோடு ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்து இறங்கினாள். ஆட்டோ ஓட்டி வந்தவன் அவள் கணவன் இசக்கிமுத்து.

ஆசிரமத்தின் குரு நீலாம்பிகை. டீச்சரைவிட வயதில் இளையவர். ஆனாலும் சீடர்கள் எல்லோருக்கும் அவர் அம்மாதான், டீச்சருக்கும். அவரோ இவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன டீச்சர், பரீட்சைப் பேப்பரா?"

"புத்தகம்மா. எல்லாம் பிள்ளைப்பேறு, பிள்ளை வளர்ப்பு. எதைப் படிக்கிறது, எதை விடுறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நான் பிள்ளை பெத்தவ இல்லையே."

"புத்தகம் படிச்சவங்கதானே."

அம்மா சிரித்தார். இசக்கிமுத்து புளியோதரை வாசனை வந்த பக்கமாக நழுவினான்.

பூங்கோதை பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தாள். ஒன்று கெட்டி அட்டை, வழவழத் தாள், கலர்ப் படங்கள். மற்றது பள்ளிக்கூட நோட்டு கனம்கூட இல்லை. இரண்டிலும் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தாள்.

"இது ரெண்டும்தான் முட்டிக்குது. கடைசி மாசத்துல வயித்துல இடம் பத்தாது, பிள்ளை அசையறது குறையும், பயப்படாதேங்குது பெரிய புத்தகம். குறைஞ்சா சும்மா இருக்காதேங்குது சின்னது. எதுமா சரி?"

"எப்பல இருந்து இந்தச் சந்தேகம்?"

"காலையில இருந்து. பெரியதைப் படிச்சா மனசு சமாதானமாகுது. சின்னதை எடுத்தா மறுபடி பயம். அதான், பேசாம பெரியதையே வச்சுக்கலாமான்னு..."

"இன்னைக்குப் பிள்ளை அசைஞ்சுதா?"

பூங்கோதை பெரிய புத்தகத்தில் விரல் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள். "இங்க என்ன போட்டிருக்குன்னா..."

"புத்தகத்தைக் கேக்கலை. உங்களைக் கேக்கறேன்."

பூங்கோதை வயிற்றில் கை வைத்தாள். கையை எடுக்கவே இல்லை.

"நேத்து ராத்திரி அசைஞ்சுது" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

அம்மா எழுந்துவிட்டார். "அண்ணாச்சி! கையைக் கழுவுங்க. ஆட்டோவை எடுங்க."

"எது சரின்னு சொல்லலையே அம்மா?"

"ஆஸ்பத்திரியில சொல்றேன். ஏறுங்க."

"ஒண்ணுமில்லைன்னா சிரிப்பாங்களே?"

"சிரிக்கட்டும். நானும் கூட நின்னு சிரிக்கறேன்."

மீசையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையோடு இசக்கிமுத்து வண்டியைக் கிளப்பினான். பாதி வழியில் பூங்கோதையின் கை பெரிய புத்தகத்தைத் தேடியது. அம்மா அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டித் துடிப்பைக் கேட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை.

"பிள்ளை ரொம்பச் சோர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணி இப்பவே எடுத்துடலாம். நல்லவேளை, வந்தீங்க."

விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. குரலில் ஒரு குறையும் இல்லை. வராந்தாவில் இசக்கிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். பெஞ்சில் உட்கார்ந்து அம்மா இரண்டு புத்தகங்களையும் படித்து முடித்தார்.

சில நாள் கழித்து அவர் வார்டுக்கு வந்தபோது, குழந்தை பூங்கோதையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் துணிப்பை.

"இனிமேதான்மா படிப்பே. பால் குடிக்கிறது, காய்ச்சல், தடுப்பூசி... பெரியதைத் தூக்கிப் போட்டுடட்டுமா?"

"ஏன்? அதுல எல்லாத்துக்கும் பதில் இருக்கு. நான் பார்த்தேன்."

"அப்ப அதையே வச்சுக்கவா?"

"வேண்டாம். சின்னதை வச்சுக்குங்க."

பூங்கோதைக்கு விளங்கவில்லை. சின்னப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "இதுல பாதிக் கேள்விக்குப் பதிலே கிடையாதும்மா. 'உடனே கிளம்பிப் போய்க் காட்டு', 'பக்கத்துல உட்கார்ந்து பாரு', இதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கு. எழுதினவருக்கே தெரியலை போல."

"தெரியாதுதான்."

"தெரியாதவர் எழுதினதையா படிக்கச் சொல்றீங்க?"

அம்மா குனிந்து, குழந்தையின் முகத்தில் விழுந்திருந்த துணி நுனியை விலக்கினார்.

"ரெண்டு பேருமே உங்க மகளைப் பார்த்தது கிடையாது, டீச்சர். சின்னப் புத்தகம் எழுதினவருக்கு மட்டும் அது ஞாபகம் இருந்திருக்கு."