வேதவல்லி தள்ளி நின்ற பதினோரு நாள்

“அம்மா, சமையற்கட்டு வேலையிலேருந்து என்னை எடுத்துடுங்க” என்றாள் வேதவல்லி.

ஆற்றங்கரை ஆசிரமத்தில் ஒன்பது வருஷமாக அடுப்பு அவள் பொறுப்பு. குரு ஞானசுந்தரி அவளைவிட ஆறு வயது இளையவள். துறவுக்கு முன் கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். குரு அவளை அக்கா என்பாள். அவள் குருவை அம்மா என்பாள்.

“ஏன்க்கா? சாம்பார்ல உப்பில்லைன்னு யாராவது சொன்னாங்களா?”

“என் கை ராசி கெட்ட கை.”

ஞானசுந்தரி ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

வேதவல்லியின் மகள் மகிழ்நிலாவுக்குப் பத்தொன்பது வயது. பத்தடி நடந்தால் கால் துவண்டுவிடும். அது ஏன் என்று பதினோரு நாளைக்கு முன்புதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

“மைட்டோகாண்ட்ரியாவாம். அதுல கோளாறாம். அது பெத்தவகிட்டேருந்து மட்டும்தான் வருமாம்.”

“ஆமா.”

“நீங்களும் ஆமாங்கிறீங்களே.”

“ஆமாவை வேற எப்படிக்கா சொல்றது?”

அன்றிலிருந்து வேதவல்லி மகளுக்குச் சோறு பிசையவில்லை, தலை பின்னவில்லை. எல்லாம் நாத்தனார்தான். கொடுத்தது போதாதா, இன்னும் தொட்டு எதைக் கொடுத்துத் தொலைப்போமோ என்று பயம்.

“அது எப்படித்தாம்மா இருக்கும், அந்தப் பாழாப்போனது?”

“புடவைக்கு எதுக்குக் கொசுவம் வைக்கிறீங்க?”

“அத்தனை துணியையும் இடுப்புல அடக்க வேணாமா?”

“அதுவும் அப்படித்தான். உடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத பைங்க. வெளியே ஒரு தோல். உள்ளே இன்னொரு தோல், கொசுவம் கொசுவமா. நாம தின்ன சோறும் இழுத்த மூச்சும் அந்த மடிப்புலதான் சேருது. சேர்ந்தா பலம் வரும். சூடு வரும்.”

“என் பொண்ணுக்கு?”

“சிலது முடங்கிக் கிடக்கு. மிச்சம் உழைக்குது.”

ஞானசுந்தரி எழுந்து மண்டபத்துக்கு நடந்தாள்.

மார்கழிக் காலை. அங்கே மகிழ்நிலா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். வேதவல்லி பின்னாலேயே வந்து, நாலடி தள்ளி நின்றுகொண்டாள்.

“கிட்ட வாங்கக்கா.”

வந்தாள்.

குரு போர்வைக்குள்ளிருந்து மகளின் கையை எடுத்துத் தாயின் கன்னத்தில் வைத்தாள். வேதவல்லி பின்வாங்கப் பார்த்தாள்.

“ஏம்மா ஓடறே?” என்றாள் மகிழ்நிலா. “என்னால துரத்திப் பிடிக்க முடியாதுல்ல.”

வேதவல்லி நின்றுவிட்டாள்.

“கை எப்படி இருக்கு?” என்று கேட்டாள் குரு.

வேதவல்லி சொன்னாள். “கதகதன்னு இருக்கு.”

“அதை யார் கொடுத்தாங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லலையா?”