மஞ்சள் குமிழை இழுத்தால்

கோத்தகிரியில் ஜெசிந்தாவின் பட்டறைக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது வைத்தியலிங்கத்துக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு முப்பத்தெட்டு. ஒரு காலத்தில் பாலிடெக்னிக்கில் அவர்தான் அவளுக்கு இன்ஜின் பாடம் எடுத்தவர். முப்பத்தோர் ஆண்டுகள் கரும்பலகையில் இன்ஜின் வரைந்தார். வரைந்தவற்றில் ஒன்றுகூடப் புகை விட்டதில்லை.

ஓய்வு பெற்றபின் ஒன்றையாவது தம் கையால் ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஓர் இருநூறு பக்க நோட்டுடன் வந்தார். முதல் நாளே அவளை ‘நீங்க’ என்றார். அவள் ‘சார்’ என்பதை விடவில்லை. அதற்குமேல் இருவரும் மரியாதையில் நேரத்தைச் செலவழிக்கவில்லை.

ஜூலை மாதத்தில், எதிரே இருந்த பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர் நஸீமா ஒரு புல்வெட்டி வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஏதோ ஒரு கிளப்பில் உழைத்து ஓய்ந்து, கழித்துவிடப்பட்ட வண்டி. ஸ்டியரிங் கிடையாது. இரண்டு சக்கரங்களுக்கு இரண்டு லீவர்கள். நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும். அதாவது, இன்ஜின் உயிரோடு இருந்தால்.

“பத்து நாள்ல மேட்ச், சார். மூணு வருஷமா எங்க பிள்ளைங்க ஊர் ஊராப் போய்த்தான் ஃபுட்பால் ஆடுறாங்க. சொந்த கிரவுண்டுல ஒரு மேட்ச்கூட இல்ல. புல்லு முட்டி வரைக்கும் நிக்குது.”

“ஆள் விட்டு அறுக்கலாமே?”

“போன வருஷம் அறுத்தோம். அந்த கோல்போஸ்ட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இந்த கோல்போஸ்ட்ல மறுபடி முளைச்சிடுச்சு. கிரவுண்ட் ரெடியில்லன்னா மேட்சை குன்னூருக்கு மாத்திடுவாங்க.”

ஜெசிந்தா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு வைத்தியலிங்கத்தைப் பார்த்தாள்.

“இது உங்க வண்டி, சார்.”

“மேட்சுக்கு முந்தின நாள் ஓடும், டீச்சர். என் வார்த்தை” என்றார் அவர். வார்த்தையை யாரும் கேட்டிருக்கவில்லை.

முதல் வேலையாக, ஒயர்களை எட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்த இருக்கையைக் கழற்றி, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டின் மேல் வைத்தார். பட்டறையிலேயே உட்கார வசதியான இடம் அதுதான் என்று பிறகு தெரிந்தது. தேநீரும் நோட்டும் அங்கேயே குடியேறின.

பழைய இன்ஜினின் வயிறு உள்ளிருந்தே உடைந்திருந்தது. அதை இறக்கினார். கோயம்புத்தூரிலிருந்து புதியது வந்தது. தண்டின் குறுக்களவை மூன்று முறை அளந்தார்; புல்லி சிக்கென்று உட்கார்ந்தது. சைலன்சர் சட்டத்தில் இடித்தது, வளைத்து வாங்கினார். எலி கடித்த ஒயர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். அவருடைய விரல்கள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கறுத்தன.

செவ்வாய்க்கிழமை பிரேக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது.

பிளேடைச் சுழல விடும் மஞ்சள் குமிழை மேலே இழுத்தார். இன்ஜின் நின்றது.

மறுபடி சாவி, ஓடியது. மறுபடி குமிழ், நின்றது.

அவர் இருக்கைக்குத் திரும்பி நோட்டைத் திறந்தார். அந்தப் பக்கமாக வந்த ஜெசிந்தா அவரைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள்.

“ஏதாவது வேணுமா, சார்?”

“வேணாம். கண்டுபிடிச்சிடுவேன்.”

“சரி” என்று பம்பு செட்டைப் பழுது பார்க்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை கார்புரேட்டரைப் பிரித்தார். வியாழக்கிழமை பெட்ரோல் குழாயை மாற்றினார், பெல்ட்டைத் தளர்த்தினார், வேறு பேட்டரி வைத்தார். குமிழை இழுத்தால் நின்றது. அன்று மாலை சாலைக்கு அப்பாலிருந்து நஸீமா கையசைத்தபோது, அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, இருக்கையில் அமர்ந்தபடியே குருவிடம் நோட்டை நீட்டினார்.

“பதினேழு பக்கம் எழுதிட்டேன். எப்படிப் பார்த்தாலும் ஒரே முடிவுதான். பிளேடைச் சுத்துற தெம்பு இந்த இன்ஜினுக்கு இல்ல. தப்பானதை வாங்கிட்டேன். டீச்சர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன்.”

அவள் நோட்டை வாங்கவில்லை.

“பாரம் தாங்காத இன்ஜின் எப்படி நிக்கும், சார்? இரண்டாம் வருஷத்துல எடுத்தீங்க.”

“முக்கும். முனகும். வேகம் இறங்கி, இறங்கி...” அவர் நிறுத்தினார்.

“இது முனகுச்சா?”

“இல்ல. பட்டுன்னு நின்னுச்சு.” கொஞ்சம் பொறுத்து, “யாரோ அணைச்ச மாதிரி” என்றார்.

“யாரு அணைச்சா?”

அவர் நோட்டைப் புரட்டத் தொடங்கினார்.

“எழுந்திரிங்க, சார்.”

எழுந்தார். அவர் சூடாக்கி வைத்திருந்த இருக்கையை அவள் தூக்கிப் போய் வண்டியில் பொருத்தினாள். நான்கு போல்ட். இருக்கையின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. வண்டியிலிருந்து அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்த பிளக்கை அதில் செருகினாள்.

“இப்ப இங்க உட்காருங்க.”

உட்கார்ந்தார். சாவி. இன்ஜின் பிடித்தது. குமிழை இழுத்தார். காலடியில் பிளேடுகள் விசிலடித்துச் சுழன்றன. இன்ஜின் நிற்கவில்லை.

அவர் குமிழை இறக்கி, இன்ஜினை அணைத்தார்.

“ஆள் இல்லாம பிளேடு சுத்தக் கூடாதுன்னு வச்சிருக்கான்.”

“ஆமா. பிரேக் போடாம எழுந்தாலும் அணைச்சிடும்.”

“அந்த பிளக்குல இருக்கிற ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கி விட்டிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும்.”

“ஓடியிருக்கும். நீங்க கீழ விழுந்தப்புறமும் ஓடியிருக்கும்.”

சாலையைக் கடந்து மைதானத்துக்கு ஓட்டிப் போனார்கள். அவர் மேலே, அவள் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில். நஸீமா கேட்டை அகலத் திறந்து நின்றார். மதில்மேல் கால்பந்து அணி முழுவதும் உட்கார்ந்திருந்தது. உள்ளே போனதும் வைத்தியலிங்கம் ஒரு லீவரை மட்டும் தள்ளிவிட்டார். வண்டி நின்ற இடத்தில் இரண்டு முறை கிறுகிறுவென்று சுற்றியது.

“சார், அது புல்லு வெட்டுமா, டான்ஸ் ஆடுமா?” என்று கோல்கீப்பர் கத்தினாள்.

“ரெண்டும்!” என்று அவர் பதிலுக்குக் கத்தினார். அப்படிக் கத்தக்கூடியவர் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

இரண்டு லீவர்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து, பிரேக் போடாமலே வண்டியை நிறுத்திவிட்டுக் குருவின் பக்கம் திரும்பினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாம மூணு நாள் ஒளிஞ்சுக்கிட்டேன். ஏன் சொல்லல?”

“நோட்டைப் பிடிங்க, சொல்றேன்.”

அவள் நீட்டிய நோட்டை வாங்க, பழக்கதோஷத்தில் அவர் இருக்கையிலிருந்து எழும்பினார். இன்ஜின் சட்டென்று மூச்சடங்கியது. பதறிப்போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். முழுதாக அணைவதற்குள் அது மீண்டும் பிடித்துக்கொண்டது.

மதில்மேல் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார். நோட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

“சொல்லியிருந்தா எழுதிக்கிட்டிருப்பீங்க, சார்” என்றாள் ஜெசிந்தா.

வைத்தியலிங்கம் மஞ்சள் குமிழை மேலே இழுத்து, முட்டியளவு புல்லுக்குள் போனார்.