கைக்குக் கட்டு

முன்னொரு காலத்தில், போர்முரசு கொட்டினால் மட்டும் பெரிய வீடுகளில் நோய் வருகிற நாடு ஒன்று இருந்தது. பகைவன் எல்லைக்கு வந்துவிட்டான், வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். மறுநாளே பன்னிரண்டு பிரபுக்களின் பிள்ளைகள் காலில் கொப்புளமும் புண்ணுமாகப் பல்லக்கில் வந்து இறங்கினார்கள். ஆட்டுக்காரன் காத்தான் மட்டும் தன் புண்காலோடு நடந்தே வந்தான்.

இது உயர்குடி இரத்தத்துக்கே உரிய நோய் என்று மந்திரி பெருநம்பி பெருமையோடு விளக்கினார். அவர் மகனும் அந்தப் பன்னிருவரில் ஒருவன். அப்படியானால் காத்தானுக்கு எப்படி வந்தது என்று அரசவை விகடன் சடையாண்டி கேட்டுவைத்தான். சபை சிரித்தது. மந்திரியின் முகம் கறுத்தது.

"அரசே, இவ்வளவு அறிந்த விகடர் பத்து நாளில் இவர்களைக் குணப்படுத்தட்டும். தவறினால் படையின் முன்வரிசையில் அவரே நிற்கட்டும்."

அரசனுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. சடையாண்டியோ பூசணிக்காய் வெட்டவே மனைவியைக் கூப்பிடுகிறவன்.

அவன் ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்தான். பதினொருவருக்கு இடக்காலில் மட்டும் புண். மந்திரி மகன் இடக்கைப் பழக்கக்காரன். அவனுக்கு மட்டும் வலக்காலில். கை எட்டாத இடத்தில் ஒரு கொப்புளமும் இல்லை. பன்னிருவரின் விரல் நுனிகளிலும், வண்ணான் துணிக்குக் குறி போடும், தோலில் தடவினால் கொப்புளிக்கவைக்கும் சேங்கொட்டைச் சாற்றின் கறுப்பு.

எல்லோரையும் அரண்மனையிலேயே தங்கவைத்து, காத்தான் உட்பட ஒவ்வொருவரின் இரண்டு கைகளையும் துணியால் சுற்றி அரசமுத்திரை வைத்தான். காவலர்கள் சோறு ஊட்டினார்கள்.

"புண் காலில் அல்லவா இருக்கிறது?" என்று அரண்மனை வைத்தியர் சிரித்தார்.

"நோய் கையில் இருக்கிறது, ஐயா."

பத்தாம் நாள் பன்னிரண்டு பேரின் கால்களும் ஆறியிருந்தன. காத்தானின் புண் அப்படியே இருந்தது. சடையாண்டி தோற்றான் என்று மந்திரி துள்ளி எழுந்தார்.

"கையில் வந்த நோயை நான் தீர்த்துவிட்டேன், அரசே. காத்தானுக்கு நோய் காலில். அதற்கு வைத்தியர்தான் வேண்டும்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பன்னிருவரும் முன்வரிசைக்குப் போனார்கள். காத்தான் வைத்தியர் வீட்டுக்குப் போனான். அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்கு அணிவித்தான். அதைக் கண்ட மந்திரி, தமக்குத் தலை சுற்றுகிறது என்று முனகினார்.

சடையாண்டி மாலையைச் சரிசெய்துகொண்டு, மார்பை நிமிர்த்தி, சபை நடுவே மெல்ல நடந்துபோய் அவர்முன் நின்றான்.

"கையை நீட்டுங்கள், மந்திரியாரே. இரண்டையும்."