மகளுக்கு ஏழு வரி

குரு என்றால் வெள்ளைத் தாடியும் காவி வேட்டியும் வேண்டும் என்கிறவர்கள் தயவுசெய்து வேறு கதை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தெட்டு வயசு. பெயர் சண்முகக்கனி. கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சீடருக்குத்தான் அறுபத்திரண்டு. பெயர் திரவியம். ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு தீப்பெட்டி ஆபீஸின் காலி ஷெட்டில், சண்முகக்கனி நாடகம் சொல்லிக்கொடுப்பார். எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள். நிஜ ஹெட்மாஸ்டரும் அப்படித்தான் கூப்பிட்டார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மனுஷன் அந்த விஷயத்தில் தங்கம்.

மற்ற விஷயத்தில் எப்படி என்றால், பெற்ற மகளோடு ஐந்து வருஷமாகப் பேச்சு இல்லை. சுகந்தி தானாக ஒருத்தனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு திருநெல்வேலிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஆனால் வயசு ஏற ஏற நெஞ்சு கேட்குமா? ஏங்கிப் போனார். நேரில் போகத் தைரியமில்லை, வீம்பு வேறு. அதனால் ஒரு நாடகம் எழுதினார். வீட்டை விட்டுப் போன வசந்தி என்கிற மகள், கடைசிக் காட்சியில் திரும்பி வந்து அப்பா காலில் விழுந்து கதறுகிறாள். யாரை நினைத்து எழுதியது என்று ஊருக்கே தெரியும்.

நோட்டீஸ் ஒன்றை சுகந்திக்கும் அனுப்பினார். பார்க்க வருவதாக அம்மாவிடம் போனில் சொன்னாளாம். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வர வேண்டும், பார்க்க வேண்டும், அழ வேண்டும், அப்படியே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நாடகமே அதற்குத்தான்.

அரங்கேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒத்திகையில் தகராறு. வசந்தியாக நடித்த ரோஸ்லின் காலில் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். அழுகை மட்டும் வருவேனா என்றது.

"டீச்சர், ஏன் இந்தப் பிள்ளைக்கு அழுகை வரமாட்டேங்குது?" என்றார் திரவியம். "பேசாம ஆளை மாத்திருவோம்."

ரோஸ்லினுக்கு முகம் சுண்டிப்போனது. ஆறு நாள் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் இங்கே வந்து நிற்கிறவள்.

"எதுக்கு அழணும்னே தெரியல சார்," என்றாள்.

"எதுக்கா? அட கடவுளே! பெத்த தகப்பன் அந்தப் பேச்சுப் பேசுறான், உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

டீச்சர் ரோஸ்லின் கையிலிருந்த நோட்டை வாங்கினார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நாடகம் எழுதினவர்தான் ஒவ்வொரு நடிகருக்கும் தனி நோட்டில், அவரவர் பேச்சை மட்டும், கைப்பட எழுதித் தர வேண்டும். ஜெராக்ஸ் கூடாது. ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்கிற பேச்சா இது என்று கேட்டால் டீச்சர் சிரிப்பார்.

"ரோஸ்லின் கொஞ்சம் உக்காரட்டும். வசந்தியா நீங்க நில்லுங்க சார். இந்த நோட்டுல இருக்கிறதை மட்டும் பேசணும். இல்லாத ஒரு வார்த்தை வரக்கூடாது."

"இது என்ன பிரமாதம்? நான் எழுதினதுதானே?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றார். நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஏழு வரி இருந்தது. புரட்டினால் வெள்ளைப் பக்கம். அப்பா வேஷத்துக்கு ஒரு நோட்டு போதாமல் இரண்டாவது நோட்டு வாங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்பாவாக நடித்தவர் கருத்தபாண்டி. வேன் ஓட்டுகிறவர், தொண்டை கணீரென்று இருக்கும். ஆரம்பித்தார்.

"உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவுல கிடந்தேனே! வாசப்படி தாண்டும்போது அந்த அப்பனை ஒரு தடவையாவது நினைச்சியா?"

திரவியம் தன்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டார்.

"நினைச்சேம்ப்பா..."

"நோட்டுல இல்லையே சார்," என்றார் டீச்சர்.

குனிந்து பார்த்தார். இல்லைதான். வாயை மூடிக்கொண்டார்.

கருத்தபாண்டி பேசிக்கொண்டே போனார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் திரவியத்துக்குப் புல்லரித்திருந்தது. எதிரே நின்று கேட்கும்போது எப்போதடா முடியும் என்றிருந்தது. கால் கடுத்தது. நடுவில் ஒரு இடத்தில் "சரிப்பா" என்று இருந்தது, சொன்னார். மறுபடி நின்றார்.

"என்னைக்காவது உன்னைப் பேசவிடாம அடக்கியிருக்கேனா? சொல்லு!" என்று முழங்கினார் கருத்தபாண்டி.

திரவியத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வீட்டை விட்டுப் போன அன்றைக்கு சுகந்தி பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். 'ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்கப்பா' என்றாள். மூன்று தடவை சொன்னாள். பள்ளிக்கூடத்தையே ஒரு அதட்டலில் அடக்கினவர் அவளையும் அதட்டினார். 'வாயை மூடு' என்றார். பாவி மனுஷன், அதை மட்டும் விட்டுவிட்டுத்தான் நாடகம் எழுதியிருந்தார்.

"ஒரு நிமிஷம்..." என்றார். "ஒரு நிமிஷம்ப்பா..."

"அதுவும் நோட்டுல இல்ல சார்."

டீச்சர் அதை மெதுவாகத்தான் சொன்னார். திரவியம் நின்றபடியே அழுதார். கருத்தபாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். ரோஸ்லின் ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"உன் மேல தப்பில்ல தாயி," என்றார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு டீச்சரிடம் வந்தார்.

"வசந்திக்குப் பேச்சே வைக்காமப் போயிட்டேன் டீச்சர். வீட்டுக்குப் போயி ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்திருதேன். நல்லா எழுதிருதேன்."

"அதையும் நீங்கதானே சார் எழுதுவீங்க?"

திரவியம் கையிலிருந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"பின்னே யார்தான் எழுதுறது?"

"நாடகத்தைத் தள்ளி வச்சுக்கிடலாம். நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போயிட்டு வாங்க."

"போயி? என்னத்தன்னு பேச்சை ஆரம்பிக்க?"

"நீங்க பேச வேண்டாம்."

"அவ கதவைத் திறக்கலைன்னா?"

"வாசல்ல உக்காருங்க."

"எம்புட்டு நேரம் டீச்சர்?"

"அவ பேசி முடிக்கிற வரைக்கும்."